படுக்கைக்குக் காப்பீடு, மாத்திரைக்கு?

மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு மாதம் என்ன செலவாகும் என்று கேட்டால் நம் தோழர்கள் மாத்திரை அட்டையின் விலையைச் சொல்வார்கள். சேலம், நாமக்கல் பகுதிக் காலனிகளில் நாங்கள் கேட்கும் கணக்கு வேறு. நோயாளியின் ஒருநாள் கூலி, கூடப் போகும் அம்மாவின் ஒருநாள் கூலி, இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், மத்தியானச் சாப்பாடு. மாத்திரையை ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். அதை வாங்கிவரத்தான் காசு வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் அண்ணல் அம்பேத்கரும் வருகிறார்.

1794இல் சென்னையில் தொடங்கிய மனநோய் விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அன்றைய சேலம் ஜில்லாக்காரருக்கு சிகிச்சை என்றால் அந்தத் தூரம். அதுவும் சிகிச்சை என்பதைவிட அடைத்துவைப்பதுதான். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்த பிறகு நிலைமை மாறியது. அடைத்துவைக்கப்பட்ட பலர் வீட்டில் இருக்க முடியும், வேலைக்குப் போக முடியும் என்றானது. ஒரே நிபந்தனை, மருந்து நிற்கக்கூடாது. ஆக, படுக்கைக்கு யார் காசு கொடுப்பது என்ற பழைய கேள்வியோடு, வருடக்கணக்கில் மாத்திரைக்கும் அதை வாங்கப்போகும் நாளுக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இதற்குப் பொருந்தும் பதில் ஒன்று அதற்கு முன்பே தயாராகியிருந்தது. அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. தொழிலாளருக்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்க 1943இல் பேராசிரியர் அதார்க்கர் நியமிக்கப்பட்டதும், 1944இல் அறிக்கை கொடுத்ததும் அந்தத் துறைக்குத்தான். அதிலிருந்து வந்ததுதான் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். சட்டமானபோது அவர் அந்தத் துறையில் இல்லை, ஆனால் அடித்தளம் அவர் காலத்தது.

இ.எஸ்.ஐ.யில் கவனிக்க வேண்டியது இதுதான்: அது படுக்கைக்கு மட்டும் பணம் தருவதல்ல. வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கலாம், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில் ஒரு பங்கும் வரும். நீண்டகால நோய்களின் பட்டியலில் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களும் இருக்கின்றன. தகுதியுள்ளவருக்கு இரண்டு வருடம் வரைகூட 80 சதவீதக் கூலி கிடைக்கும்.

யாருக்குக் கிடைக்கிறது? தொடக்கத்தில் மின்சக்தியில் இயங்கும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றார்கள். இப்போது 10 பேர், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளைப் பாருங்கள். நாலு தறி, ஆறு தறி என்று வீட்டோடு ஓடும் இடத்தில் பத்துப் பேர் எங்கே? காட்டுவேலைக்குப் போகிறவருக்கு முதலாளி தினம் ஒருவர். சாதி எந்த வேலையில் நம்மை நிறுத்தியதோ, அந்த வேலைகளில் பெரும்பாலானவை சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் உள்ளே வருகிறார்கள். ஆனால் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கப்படுவதும், தங்களுக்கு ஒரு இ.எஸ்.ஐ. எண் இருக்கவேண்டும் என்பதும் தெரியாதவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம்.

வெளியே நின்றவர்களைக் காப்பாற்றியது காப்பீடு அல்ல, இலவச மருந்து. 1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் உருவானது. மருந்தைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறை அது. பிற மாநிலங்கள் பிறகு இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. சேலத்திலிருந்து பிரிந்து அதே காலத்தில் நாமக்கல் தனி மாவட்டமானது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வர 2022 ஆனது. அதுவரை பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலத்துக்கு பஸ் ஏறவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை மூடநம்பிக்கை என்று மட்டும் பேசிக் கடந்துவிடக் கூடாது. பக்கத்தில் மருந்து இல்லாதவர்களும் அங்கே போனார்கள்.

2009இல் கலைஞர் காப்பீடு, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை செய்தது பெரிய காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் இவை அடிப்படையில் பட்டியலிட்ட சிகிச்சைக்கு, அட்மிஷன் போட்டால் வரும் பணம். பத்து வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வீட்டில் இருப்பவருக்கு அந்த அட்டையால் பெரிய பயனில்லை. கூலி போகிறதே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டு, நோய் முற்றி, படுக்கையில் விழுந்த பிறகுதான் காப்பீடு என்ற பேச்சே வருகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. அந்தத் தேதி முதலே இது காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டும் என்று 2021 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தனியார் பாலிசி வைத்திருப்பவர் நம் தெருவில் எத்தனை பேர்?

நமக்கு வேண்டியது 18ஆம் பிரிவு. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் எல்லாக் காலத்திலும் இலவசமாக, சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகள் வரை, கிடைக்கவேண்டும் என்கிறது அது. நம் ஊரில் அது 30 படுக்கை கொண்ட மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் இலவச சிகிச்சை உண்டு. நோயாளியை நெடுந்தூரம் அலையவிடக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

ஆனால் சட்டம் போட்ட கோடு சமுதாய சுகாதார நிலையத்தோடு நிற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் துணை நிலையமும்தான் காலனிக்குப் பக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பாட்டியின் வாசலுக்கே வருகிறது. அதே வீட்டில் பேரனின் மாத்திரைக்கு ஒருநாள் கூலியை விடவேண்டியிருப்பதை நாங்கள் பார்க்கிறோம். எல்லா மருந்தையும் அப்படிக் கொடுத்துவிட முடியாது என்பது உண்மைதான். லித்தியம், குளோசபின் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம், அளவை மாற்ற டாக்டர் வேண்டும். ஆனால் நோய் கட்டுக்குள் இருந்து, மாதாமாதம் அதே மாத்திரையை வாங்குபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காவது பக்கத்து நிலையத்தில் இரண்டு மாத மருந்து தரலாம்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதும் தோழர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது சட்டமீறல், தேதியும் மருந்தின் பெயரும் போட்டு 18ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கேட்பது புதிய கோரிக்கை, அதற்குப் பஸ் டிக்கெட்டையும் இழந்த கூலிக் கணக்கையும் இணையுங்கள். நோயாளியின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எதிலும் எழுத வேண்டாம்.