மெழுகில் பதிந்த குரல்



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய நாம் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நாடுகிறோம். எழுத்தே வழங்காத மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்களுடைய பாட்டிலே தேட வேண்டும் என்பேன். அவுஸ்திரேலியப் பூர்வகுடிகள் தம் நிலத்தையும் நீர்நிலைகளையும் குலமரபையும் பாட்டிலே வைத்துக் காத்தவர்கள். அந்தப் பாட்டுகளிற் சில ஒலிப்பதிவுகளாகி எஞ்சிய கதையையே இன்று சொல்ல விழைகிறேன்.

எடிசன் 1877இல் போனோகிராப் கருவியை உருவாக்கினார். பின்னர் மெழுகு உருளைகள் வந்தன. ஊதுகுழல் போன்ற வாயின் முன் நின்று ஒருவர் பாடுவார். குரலின் அதிர்வில் ஊசி அசைந்து மெழுகிலே கோடு கீறும். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடங்களே அடங்கும். மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டால் அந்தக் கோடும் தேய்ந்து போகும்.

இக்கருவியோடு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹடன் குழுவினர் 1898இல் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றனர். 1901இல் ஸ்பென்சரும் கிலனும் மத்திய அவுஸ்திரேலியாவில் பாட்டுகளைப் பதிந்தனர். 'இவர்கள் மறைந்துவரும் இனத்தார். மறையுமுன் பதிந்துகொள்வோம்' என்பதே அக்கால ஆய்வாளர் பலரின் எண்ணம்.

அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். தஸ்மேனியாவில் வெள்ளையர் குடியேற்றத்தை எதிர்த்த பூர்வகுடிகள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியோர் பிளிண்டர்ஸ் தீவுக்கு அகற்றப்பட்டனர். அங்கே 1834இல் பிறந்தவர் பனி கொக்ரேன் ஸ்மித். 1876இல் துருகனினி என்ற மூதாட்டி இறந்ததும், தஸ்மேனியப் பூர்வகுடி இனமே அற்றுப்போயிற்று என்று வெள்ளையர் உலகம் எழுதி வைத்தது. ஆனால், அதற்கு 23 ஆண்டுகளின் பின், 1899இல், தஸ்மேனிய றோயல் சங்கத்தார் முன்னிலையில் பனி தம் முன்னோர் மொழியிலே பாடினார். 1903இல் ஹொரேஸ் வாட்சன் என்பவர் ஹோபார்ட்டில் மீண்டும் அவர் குரலைப் பதிந்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார்.

அப்பதிவை நான் செவிமடுத்தபோது முதலில் இரைச்சலே காதில் விழுந்தது. சற்றே பொறுத்தால் அதனூடே குரல் எழுகிறது. தம் பெயரையும் பிறந்த இடத்தையும் ஆங்கிலத்திற் கூறுகிறார், பின் பாடுகிறார். கருவியின் முன் கூச்சமோ தளர்ச்சியோ அக்குரலில் இல்லை.

இதன் பெறுமதி யாது? தஸ்மேனிய மொழிச் சொற்களை வெள்ளையர்கள் ஆங்கில எழுத்திலே பட்டியலிட்டிருந்தனர். எழுத்திலிருந்து உச்சரிப்பை உறுதியாக அறிய முடியாது. 1990களில் தஸ்மேனியப் பூர்வகுடிகள் 'பலாவா கனி' என்ற பெயரில் தம் மொழியை மீட்டெடுக்க முற்பட்டபோது, பட்டியல்கள் தர இயலாத ஓசையை இப்பதிவுகள் தந்தன. அற்றுப்போனதாக எழுதப்பட்ட இனத்தார், தம் பாட்டியாரின் குரலைக் கேட்டே மொழி பயின்றனர்! 2007இல் இப்பதிவுகள் அவுஸ்திரேலிய தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தின் ஒலிப் பட்டியலிலும், 2017இல் யுனெஸ்கோவின் அவுஸ்திரேலிய உலக நினைவகப் பதிவேட்டிலும் இடம்பெற்றன.

எனினும், எல்லாப் பாட்டும் எல்லார் செவிக்கும் உரியதல்ல. சில பாட்டுகளை ஆண்கள் மட்டுமே கேட்கலாம். சிலவற்றைப் பெண்கள் மட்டுமே கேட்கலாம். இறந்தவர் குரலைக் கேட்பதைத் தவிர்க்கும் சமூகங்களும் உண்டு. ஆகவே காப்பகங்கள் முன்னறிவித்தல் செய்கின்றன. சில பதிவுகளைப் பொதுவில் வெளியிடுவதில்லை. 1964இல் கன்பராவில் நிறுவப்பட்ட பூர்வகுடி ஆய்வு நிறுவனம் பழைய பதிவுகளின் பிரதிகளை உரிய சமூகங்களுக்கே திருப்பி அளித்து வருகிறது.

இக்கதைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹடன் குழுவில் இருந்த செலிக்மன், பின்னர் தம் மனைவியோடு இலங்கை வந்து வேடர் பாட்டுகளையும் மெழுகு உருளைகளிற் பதிந்தார். 1911இல் வெளிவந்த அவர்களது 'வேடர்' நூலில் இசை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர், அதே குழுவில் இருந்த மயர்ஸ். அந்த உருளைகள் இலண்டனில், பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. தஸ்மேனியாவின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டியின் குரலைக் கேட்டுவிட்டார்கள். நம் நாட்டு வேடர் பிள்ளைகளும் தம் மூதாதையர் பாட்டை ஆறுதலாக அமர்ந்து கேட்க வேண்டும் அல்லவா?