பாப் பாடல் காணொளிகளும் சிறுமிகளும்

1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபின், பாடல் என்பது பார்க்கும் பொருளாகவும் ஆகிவிட்டது. பாடகியின் குரலோடு அவரது உடலும் விற்பனைக்கு வந்தது. இன்று அதற்குத் தொலைக்காட்சிகூடத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள செல்போனே போதும்.

இதனால் என்ன கேடு என்று கேட்டால், "ஒழுக்கம் கெடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் ஆழமாகப் போகிறது. (அதை எழுதியவர்கள் மார்க்க அறிஞர்கள் அல்லர், உளவியலாளர்கள்.) பெண்ணின் மதிப்பை அவளது பாலியல் கவர்ச்சியால் மட்டுமே அளப்பது, அழகு என்றாலே கவர்ச்சிதான் என்றாக்குவது, பிறர் அனுபவிக்கும் பொருளாக அவளைப் பார்ப்பது, வயதுக்கு ஒவ்வாத பாலியலை அவள்மீது திணிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பாலியல்மயமாக்கல்தான் என்கிறது அவ்வறிக்கை. பாடல் காணொளிகளை அது தனியாகவே எடுத்துப் பேசுகிறது. உணவுக் கோளாறு, தன்மதிப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும் கூறுகிறது.

அதில் எடுத்துக்காட்டப்படும் 1998-ஆம் ஆண்டுப் பரிசோதனை ஒன்று சிந்திக்க வைக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தனியறையில், கண்ணாடி முன்னால், சிலரை நீச்சலுடையும் சிலரை ஸ்வெட்டரும் அணியச் செய்து, கணக்குகள் கொடுத்தார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் மற்ற பெண்களைவிடக் குறைவாகவே சரியான விடை எழுதினார்கள். ஆண்களிடம் அப்படிப்பட்ட சரிவு இல்லை. அறையில் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை! ஆனாலும் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற எண்ணம் அறிவின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. பிறர் கண்ணால் தன்னைப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் இக்காணொளிகள் ஊட்டுகின்றன. ஆய்வுகளில் பெரும்பாலானவை இளம்பெண்களிடம் செய்யப்பட்டவை, சிறுமிகளிடம் செய்யப்பட்டவை குறைவு என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை.

பிரிட்டனில் இது அரசின் பிரச்சினையாகவே ஆனது. அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ரெஜ் பெய்லி 2011 ஜூனில் அளித்த அறிக்கை, பாடல் காணொளிகளுக்கும் வயதுச் சான்று வேண்டும் என்றது. (அவர் அப்போது 'மதர்ஸ் யூனியன்' என்ற கிறிஸ்தவ அமைப்பின் தலைமை நிர்வாகியாக இருந்தார். இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல.) 2014 அக்டோபரில் சோனி, யுனிவர்சல், வார்னர் நிறுவனங்களின் காணொளிகளுக்குத் திரைப்படத் தணிக்கை வாரியம் 12, 15, 18 என்று சான்று தர, யூடியூபும் வீவோவும் அதைக் காட்டத் தொடங்கின. 2015-இல் ஏற்பாடு நிரந்தரமானது. ஆனால் அது பிரிட்டனில் தயாரானவற்றுக்கு மட்டும்தான். அங்குள்ள பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் அமெரிக்கப் பாடல்கள் சான்றில்லாமலே வந்துகொண்டிருந்தன.

சான்று இருந்தாலும் ஒரு குறை உண்டு. எவ்வளவு காட்டப்படுகிறது என்பதை அது அளக்கும். ஒரு சிறுமி தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறாள் என்பதை அளக்காது. 12-க்குக் கீழே எளிதாகத் தேறிவிடும் காணொளியும் அதே பாடத்தை நடத்தலாம்.

2007 அறிக்கை பெற்றோருக்குச் சொல்வது, பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள் என்பதே. அப்பேச்சால் காட்சியின் தாக்கம் மாறும் என்கிறது. பள்ளிகளில் ஊடகக் கல்வியையும், பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டையும் அது பரிந்துரைக்கிறது. விளையாட்டில் உடல் என்பது ஓடவும் எறியவும் உதவுகிற ஒன்று.