கொழுந்தும் கூலியும்

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைப்பாதையில் நடுவட்டம் என்றோர் ஊர் உண்டு. கூடலூரைக் கடந்து முதுமலைக் காட்டின் பக்கமாகச் சென்றால் ஸ்ரீமதுரை வரும். நெல்லும் காப்பியும் மிளகும் தேயிலையும் அடுத்தடுத்து விளையும் அச்சிற்றூர்ப் பக்கம் நான் சென்றிருந்தபொழுது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அம்மையார் தராசு முள்ளை இமை கொட்டாமல் நோக்கி நிற்கக் கண்டேன். அந்த முள்ளுக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. மாணவ நண்பர்களே, இன்று அதையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கூட்டத்தாரைக் கொண்டு மிகுதியாக வேலை வாங்குவது எவ்வாறு? நீலகிரி முதலில் கண்ட விடை காவல்தான். 1860-களில் நடுவட்டத்தில் அரசாங்கம் சிங்கோனா பயிரிட்டபொழுது, கைதிகளை வைத்து வேலை வாங்கிற்று. அவர்களுள் சீனரும் இருந்தனர். தப்பி ஓடும் வழியையே எண்ணுகிறவன் மரக்கன்றை எவ்வளவு பரிவோடு நடுவான் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வந்தது கடன். கங்காணி சமவெளிக் கிராமங்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். பணம் பெற்றவன் வேலையை விட்டு நீங்கினால் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் அவன்மேல் பாயும். மூன்று மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். அச்சட்டம் நீக்கப்பட்டது 1925-இல்தான்! கங்காணிக்கோ, வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தலைக்காசு. எவ்வளவு வேலை நடந்தது என்பதன்று, எத்தனை பேர் வந்தனர் என்பதே அவன் கணக்கு. காய்ச்சற்காரனையும் எழுப்பி நிறுத்த அவனுக்கு ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

விடுதலைக்குப் பின் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றுடன், பெண்கள் பலர் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்று அது விதித்தது. இவற்றுள் காப்பகத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தையை எண்ணிக் கலங்கும் மனத்தோடு விரல்கள் எப்படி விரைந்து ஓடும்?

நிர்ணயித்த நிறைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதற் காசு என்பது மற்றொரு வழி. கூடைகள் நிறைந்தது உண்மையே. ஆனால் தராசு நிறையைத்தான் அறியும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கும் நயத்தை அறியாது. முற்றிய இலை கனமானது. அது கூடையில் புகுந்தால் தேநீரின் சுவை வெளியேறிவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டியிருப்பதால், கூடையில் நேர்ந்த பிழை தொழிற்சாலையில் திரண்டு நிற்கும்.

1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்காக, 1968-இல் அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. 1976 முதல் அது 'டான்டீ' கழகமாக நடைபெறலாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகள் கூடலூர், பந்தலூர்ச் சரிவுகளுக்கு வந்து சேர்ந்தன. சிறு விவசாயிகளோ, 1960-களிலிருந்து கூட்டுறவு முறையில் தமக்கென்றே தொழிற்சாலைகள் அமைத்துக்கொண்டனர். தொழிற்சாலை தம்முடையது என்றால் நல்ல கொழுந்தே வரும் என நினைப்போம். அங்கும் தராசு குறுக்கிட்டது. கனத்த இலை கொடுத்தவர் அன்றைக்கு ஆதாயம் பெற்றார். நயம் குறைந்த தேயிலையின் நட்டமோ எல்லோருக்குமாகப் பங்காயிற்று. 1990-களின் இறுதியில் விலை சரிந்தபொழுது, கணக்கு எல்லோர் வாசலுக்கும் வந்தது.

ஸ்ரீமதுரைப் பக்கத்து அம்மையாரை மறந்துவிடவில்லை. காலையில் மழை, கொழுந்தில் ஈரம் என்று நிறுப்பவர் நிறையில் கொஞ்சம் கழித்தார். “மழை பெய்தது என் குற்றமா ஐயா?” என்று அவர் கேட்டார். நிறுப்பவர் மறுமொழி சொல்லாமல் அடுத்த மூட்டையைத் தராசில் மாட்டினார். அம்மையாரோ வெறும் சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீண்டும் சரிவில் ஏறினார்.