பிரசேரோ ஒப்பந்தமும் பிடித்தம் செய்யப்பட்ட கூலியும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின், ஆண்கள் படைக்கும் போர்த்தளவாட ஆலைகளுக்கும் சென்றுவிட, அறுவடைக்கு ஆளில்லை என்று பண்ணை உரிமையாளர்கள் முறையிட்டதன் விளைவாக, 1942 ஆகஸ்டில் அமெரிக்க, மெக்சிகோ அரசுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரசேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோ நாட்டுக் கூலி உழைப்பாளர்களைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் வரவழைத்து, வேலை முடிந்ததும் திருப்பியனுப்பும் இத்திட்டம், போர் ஓய்ந்த பின்னும் பண்ணை முதலாளிகளின் வற்புறுத்தலால் நீட்டிக்கப்பட்டு, 1951இல் தனிச் சட்டத்தின் வலுவும் பெற்று, 1964 இறுதிவரை நடந்தது. அதற்குள் ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

குறைந்தபட்சக் கூலி, இலவசத் தங்குமிடம், பயணச் செலவு ஆகியவை ஏட்டில் உறுதிசெய்யப்பட்டிருந்தும், குறிப்பிட்ட வேலைக்கே கட்டுண்டிருந்த தொழிலாளர்கள், வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பப்படுவோம் என்ற அச்சத்திலேயே உழைத்தனர். எல்லை மையங்களில் அவர்களின் உடை களையப்பட்டு, உடல் மீது டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லித் தூள் தெளிக்கப்பட்டது. கீரை வகையான லெட்டூஸ் வயல்களில் குட்டைக் காம்புக் களைக்கொத்தோடு நாள் முழுதும் குனிந்தே நின்றதில் பலருடைய முதுகு நிரந்தரமாகக் கெட்டது.

இவற்றினும் கொடியது கூலிப் பிடித்தமே. தொடக்க ஆண்டுகளில் கூலியில் 10 விழுக்காடு சேமிப்பு என்ற பெயரில் பிடிக்கப்பட்டு, ஊர் திரும்பியதும் கொடுப்பதற்கென மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பப்பட்டபோதும், உழைத்தவர்களில் பெரும்பாலோர் அப்பணத்தைக் கண்ணால்கூடக் காணவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின், 2005இல்தான் மெக்சிகோ அரசு தலைக்கு 38,000 பெசோ வழங்க முன்வந்தது; அதைக் கோருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒப்பந்தத் தாள் போன்ற சான்றுகளை முதியவர்கள் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது.