உப்பின் மேல் செய்த சத்தியம்

ரோமாபுரியையே மிரட்டிய பாரசீகம், கிழக்கே ஒரு நாடோடிக் கூட்டத்திற்குக் கப்பம் கட்டியது என்றால் நம்ப முடிகிறதா? கட்டியது!

கி.பி. 459இல் அரியணை ஏறிய சாசானிய மன்னர் பேரோஸ், வெள்ளை ஹூணர்கள் எனப்படும் ஹெப்தலைட்டுகளிடம் படையோடு சிக்கினார். காலில் விழுந்து, இனிப் போருக்கு வருவதில்லை என்று சத்தியம் செய்தால் உயிர் தப்பலாம் என்றார்கள். உடனிருந்த குருமார்கள் வழி சொன்னார்கள். விடியற்காலையில் கிழக்கு நோக்கி விழுந்தால் அது சூரியனை வணங்கியதாகிவிடுமே! மானம் தப்பியது. ஆனால் சத்தியம்?

484இல் அதையும் மீறிப் படையெடுத்தார். ஹூணர்கள் அகழி வெட்டி, நாணல் பரப்பி, மேலே மண்ணைத் தூவிக் காத்திருந்தனர். பாரசீகர் எந்த உப்பின் மேல் சத்தியம் செய்தார்களோ, அந்த உப்பையே கொடியில் தொங்கவிட்டார்களாம். புரோகோப்பியஸ் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியது இது. கொஞ்சம் கதையும் கலந்திருக்கலாம். மன்னர் மாண்டது மட்டும் உண்மை.

இதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே இந்தியாவில் ஹூணர்களைக் குப்த மன்னர் ஸ்கந்தகுப்தர் எதிர்த்து நின்றதை பிதாரி தூண் கல்வெட்டு சொல்கிறது. பாரசீகமோ ஏறத்தாழ 560 வரை காத்திருந்தது. பேரோசின் பேரன் குஸ்ரு, துருக்கியரோடு கைகோத்து ஹெப்தலைட்டுகளை வீழ்த்தினார். காலியான இடத்தில் துருக்கியர் வந்து உட்கார்ந்தனர்.