சிலம்பின் முத்தும் மூழ்கியோர் மூச்சும்

பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்ததோ மாணிக்கம். இவ்வேறுபாட்டின் மீதே சிலப்பதிகார வழக்குரை நிற்கிறது. கொற்கைத் துறையை உடைய பாண்டியன் சிலம்பில் முத்துப் பெய்தது இயல்பே. ஒரு சிப்பியுள் விளைந்த பொருள் ஓர் அரசின் நீதிக்கே சான்றாயிற்று எனலாம். அச்சான்றைக் கடலடியிலிருந்து கொணர்ந்தவன் யார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தாமிரபரணி கொணர்ந்த மண்ணால் தூர்ந்து, இன்று கடலினின்றும் விலகி நிற்கும் சிற்றூர் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியர்க்குரிய இத்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் என்கிறது. அகநானூறோ, கொற்கைக் கடலில் சுறாவை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரைக் காட்டுகிறது. அயலவர் குறிப்பில் கைதி. நம் புலவர் பாட்டில் கடலை எதிர்கொண்ட வீரன். நோக்கு இரண்டு, இடர் ஒன்றே.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றமையைக் கூறுகிறார். அம்மந்திரக்காரரைப் பிற்காலத்தார் ‘கடற்கட்டி’ என்றனர். குளிப்பவன் கல்லில் காலூன்றி இறங்குவான். அடக்கிய ஒரு மூச்சுக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைச் சேர்ப்பான். கயிறு அசைந்ததும் தோணியிலுள்ளோர் இழுப்பர். கரையில் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவித் தேடுவர். பெரும்பாலானவற்றில் முத்து இராது.

1905இல் இலங்கையின் மன்னார்ச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளித்தவர்க்கு. சில ஆண்டுகளில் அப்பார்கள் வறண்டன. தூத்துக்குடியிலும் 1961ஆம் ஆண்டுடன் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. 1973இல் அந்நகரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். மூச்சடக்கும் தொழில் ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாறியது.

மழைத்துளி சிப்பியில் வீழ்ந்து முத்தாகும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அழகிய கற்பனைதான்; ஆயினும் அதில் வானுக்கும் சிப்பிக்கும் இடமுண்டு, மூழ்கியவனுக்கு இல்லை. பிற்காலப் பாட்டில் முத்து பல்லுக்கு உவமையாய்ப் பெருக, சங்கப் புலவன் கண்ட அம்மனிதன் மெல்ல மறைந்தான். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இனி முத்தைப் பாடுங்கால், அதற்கு விலையாய் நின்ற மூச்சையும் ஓர் அடியிலேனும் பாடுவார்களாக.