கொலைகாரனுக்கு மட்டும் ப்ளாஷ்பேக்

டிராகுலாவுக்கு ரத்தம் வேண்டும், அவ்வளவுதான். 1958-ல் கிறிஸ்டோபர் லீ நடித்த படத்தில், அவன் ஏன் இப்படி ஆனான் என்று யாரும் கண்ணீர்க் கதை சொல்வதில்லை. பாகிஸ்தானில் 1967-லேயே 'ஜிந்தா லாஷ்' என்று ஒரு டிராகுலா படம் வந்தது. இந்தியில் ராம்சே சகோதரர்கள் 1990-ல் 'பந்த் தர்வாஸா' எடுத்தார்கள். தமிழில் ரத்தக்காட்டேரி பெரிதாக எடுபடவில்லை. நமக்குப் பேயே போதும் போல! ஆனால் சைக்கோ கொலைகாரன் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான்.

1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்'. '16 வயதினிலே' எடுத்த பாரதிராஜா, கமலைக் கொலைகாரனாக்கினார். ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் பிணங்கள். இளையராஜாவின் பின்னணி இசையை இன்றைக்கும் ராத்திரியில் தனியாகக் கேட்க முடியாது. சரி, அவன் ஏன் கொல்கிறான்? சின்ன வயதில் பெண்களால் பட்ட பாடாம். 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. பிரதாப் போத்தன் பாலியல் தொழிலாளிகளைக் கொல்கிறார். காரணம், அப்பா அவர்களிடம் போனார், வீட்டில் அம்மாவை அடித்தார். அடித்தது அப்பா, சாவது அந்தப் பெண்கள்!

பிறகு 'மன்மதன்' (2004), 'ராட்சசன்' (2018), 'சைக்கோ' (2020). ஏமாற்றிய காதலி, அவமானப்படுத்திய மாணவி, கொடுமைக்கார டீச்சர் என்று பழி சுமக்க ஒரு பெண் தயாராக இருக்கிறாள். 'நடுநிசி நாய்கள்' (2011) மட்டும் அப்பாவைக் கை காட்டியது. அதிலும் செத்தது பெண்கள்தான்.

ப்ராம் ஸ்டோக்கரின் 1897 நாவலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் டிராகுலா தன் கதையைச் சொல்ல ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அவன் வேட்டையாடும் மீனா, லூசி ஆகியோரின் டைரியும் கடிதங்களும் இருக்கின்றன. நம் ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் கிடப்பவர்களில் ஒருத்திக்காவது ப்ளாஷ்பேக் உண்டா?